வசந்தாமணிக்கு ஒதுக்கிய இடம்

போனை எட்டிப் பாத்துட்டேன்னு தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அந்தக் கோட்டை வாசலப் பாத்ததும் கண்ணு தானாப் போயிருச்சு. வியட்நாம்தானுங்களே? ஹூவேதானுங்களே அந்த ஊரு? ம். நான் போயிருக்கறேன். மஞ்ச ஓட்டுக் கூரை, கீழ அஞ்சு வாசல். நடு வாசல் ராசாவுக்கு மட்டுமாமா. இன்னைக்கும் அடைச்சே வெச்சிருக்கறாங்க. ராசா செத்து, ராச்சியம் போயி, சண்டை வந்து எல்லாம் ஓஞ்சாச்சு. வாசல் மட்டும் அடைப்பு. அதுக்கு ஒரு வாட்ச்மேன் வேற.

கல்யாணம் முடிஞ்சு போறீங்களா? தை மாசமா? நல்லதுங்க, போங்க. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த ஊர்ல ஒரு நாளைக்கு மேல தங்காதீங்க. ஒரு நாளே அதிகம். எனக்கு அந்த ஒரு நாளே போதும் போதும்னு ஆயிருச்சு. நீங்களும் ஈரோட்டுலதான் எறங்கறீங்க, நானும் அங்கதான், ரயிலு போய்ச் சேர நேரம் கெடக்குது. சொல்றேன், கேளுங்க. நான் போய்ப் பட்டதை நீங்க உக்காந்த எடத்துலயே தெரிஞ்சுக்கலாம்.

என்ற பேரு சென்னியப்பன். திருச்செங்கோடு. ரிக் வண்டி வெச்சிருந்தேன், போர் போடறது. இப்ப வண்டிய மச்சினன் பாத்துக்கறான். என்ற காலத்துல நான் போடாத ஊரு இல்லீங்க. ராய்ப்பூரு, நாக்பூரு, ஜோத்பூரு, அக்கட்டால குஜராத்து வரைக்கும். ஒரு பிடி மண்ண எடுத்துக் கசக்கிப் பாத்தாச் சொல்லிருவேன், தண்ணி இருக்குதா, எந்த ஆழத்துல இருக்குதுன்னு. எல்லாரும் ஊருக்கு மேல என்ன இருக்குதுன்னு பாப்பாங்க. கீழ என்ன இருக்குதுன்னு பாத்தவன் நான். அப்படிப்பட்டவனக் கூட்டிட்டுப் போயி, ஒரு புள்ள குடையத் தூக்கிப் புடிச்சுட்டு, "இங்க பாருங்க, அங்க பாருங்க"ன்னா எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

எல்லாம் என்ற மக சுகந்தி பண்ணின வேலை. சென்னைல இருக்கறா. இப்பக்கூட அவ ஊட்டுக்குப் போயிட்டுத்தான் வர்றேன். அவதான் டூருக்குச் சொல்லி வெச்சது. "அப்பா, அம்மாவ நீங்க ஒரு எடத்துக்கும் கூட்டிட்டுப் போனதில்ல"ன்னா. ஏன் கூட்டிட்டுப் போகல? பவானிக்குப் போயிருக்கறோம். கொடுமுடிக்குப் போயிருக்கறோம். அதெல்லாம் எடமில்லையா?

முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா டூர்க்காரன் குடுத்த புஸ்தகத்துல ஒரு பக்கத்துல அந்த ஊரு ராசாக்களோட சமாதி போட்டிருந்துது. ஒவ்வொரு ராசாவும் உசுரோட இருக்கறப்பவே தனக்குத் தானே கட்டி வெச்சுக்கிட்டானாமா. அதப் படிச்சதும் சரி போலாம்னுட்டேன். ஏன்னா நானும் கட்டிட்டு இருக்கறேன்.

ஏன் சிரிக்கறீங்க? இதுல சிரிக்கறதுக்கு என்னுங்க இருக்குது? போயிச் சேந்த பொறவு பையனோ பொண்ணோ என்னத்தச் செய்வாங்கன்னு நம்பறது? நம்ம தோட்டத்துல ரோட்டோரமா, போறவன் வர்றவன் கண்ணுல படற மாதிரி எடம். கருங்கல்லு மேடை. நாலு தூணு, மேல மண்டபம். திருமுருகன்பூண்டில சொல்லி எனக்கு மார்பளவுக்குச் சிலையும் செஞ்சு வந்தாச்சு. மீசைதான் கொஞ்சம் சின்னதாப் போச்சு. சாக்குப் போட்டுக் கட்டி வெச்சிருக்கறேன். பக்கத்துல என்ற பொண்டாட்டி வசந்தாமணிக்கு எடம். அவ பேரையும் கல்லுல வெட்டியாச்சு. "வசந்தாமணி, சென்னியப்பன் மனைவி." பொறந்த வருசத்தையும் வெட்டி, ஒரு கோடு போட்டு, மிச்சத்த விட்டு வெச்சிருக்குது.

அவளக் கேட்டீங்களாங்கறீங்களா? இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது?

சரி, அந்த நாளுக்கு வர்றேன். காத்தால எந்திரிச்சு ஓட்டல்ல சாப்பிடப் போனா, ஒரு குண்டா நெறையச் சுடுதண்ணில சேமியா மெதக்குது. மேல பச்சத் தழை. எங்க ஊர்ல ஆட்டுக்குக் கட்டற மாதிரி. எல்லாரும் உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கறாங்க. நான் ரொட்டியும் வாழப்பழமும் தின்னுட்டு எந்திரிச்சுட்டேன். வசந்தாமணி குடிச்சா. "நல்லாத்தானுங்க இருக்குது, நம்ம ரசமாட்ட"ன்னா. ரசமாட்டவாம். நாப்பது வருசமா ரசம் வெக்கறவ பேசற பேச்சா அது?

எங்க கூட வந்த கூட்டம் இருக்குதே, அதைச் சொல்லவே வேண்டாம். தினகரன்னு ஒருத்தன், டூர் மேனேஜர். கொடியத் தூக்கிட்டு முன்னால போறதத் தவர ஒண்ணும் தெரியாது. ஹேமலதான்னு ஒரு டீச்சரு, உடுமலைப்பேட்டை. பள்ளிக்கூடத்துல வெளையாட்டுச் சொல்லிக் குடுத்து ரிட்டயர்டு ஆனவங்க. கல்யாணமே பண்ணிக்கல. அந்தம்மா வந்த மொத நாள்ளயே வசந்தாமணியப் புடிச்சுக்கிச்சு. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்துக்கறது, "வாங்க வசந்தா, போலாம் வசந்தா"ங்கறது. நாந்தான் தனியா, சன்னலோரமா.

அந்த ஊர்ல கைடு ஒரு பொண்ணு. லின்னு பேரு. நல்ல புள்ளதான், ஒல்லியா, சிரிச்ச முகம். ஆனா அது பேசற இங்கிலீசு ஒரு வார்த்தை முழுசா வராது, எல்லாத்துக்கும் வாலறுத்துரும். என்ற பேரக் கேட்டுது. சென்னியப்பன்னேன். "ஓக்கே, மிஸ்டர் சென்னை"ன்னுது. சென்னை இல்லம்மா, திருச்செங்கோடுன்னேன். அதுக்கு அந்தப் புள்ள கெக்கெக்கேன்னு சிரிக்குது. அன்னைக்குப் பூராவும் நான் மிஸ்டர் சென்னைதான்.

மொதல்ல கோட்டைக்குக் கூட்டிட்டுப் போச்சு. உள்ள போனா, பாதி எடத்துல ஒண்ணுமே இல்லீங்க. புல்லு. "இதுதான் ராசாவோட அந்தப்புரம் இருந்த எடம்"னு புல்லக் காட்டுது. "இது அவங்க சாப்பிடற மண்டபம் இருந்த எடம்." அதுவும் புல்லு. சண்டைல குண்டு போட்டு எரிஞ்சு போச்சாமா. அட, எரிஞ்சு போனாத் திருப்பிக் கட்டோணும், இல்லாட்டி வேற எதாவது வெக்கோணும். வெறும் புல்லக் காட்டறதுக்கு டிக்கெட்டா? எல்லாரும் பரிதாபமா மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் புல்லப் போட்டோ எடுக்கறாங்க. நான் குனிஞ்சு மண்ண எடுத்துக் கசக்கிப் பாத்தேன். வண்டல். கைய விட்டாத் தண்ணி வரும். லின்னுகிட்டச் சொன்னேன், "இங்க போர் போடறவன் பட்டினி கெடந்துதான் சாவான்"னு. தினகரன் அத என்னான்னு சொன்னானோ, அந்தப் புள்ள கையக் கூப்பிக் கும்பிட்டுது.

அங்க ஒரு ஓரத்துல ராசா சிம்மாசனமாட்ட ஒண்ணு வெச்சிருக்கறாங்க. நெசச் சிம்மாசனம் இல்ல, போட்டோவுக்கு. பக்கத்துலயே ராசா துணி, ராணி துணி எல்லாம் மாட்டி வெச்சு வாடகைக்குக் குடுக்கறாங்க. போட்டுக்கிட்டு உக்காந்து படம் எடுத்துக்கலாம். நம்ம ஊரு பொருட்காட்சில அட்டை ஏரோப்பிளேன்ல தலைய விட்டுப் போட்டோ எடுப்பாங்களே, அதே கதை. எல்லாரும் ஜோடி ஜோடியாப் போயி உக்காந்தாங்க. பெரிய பெரிய மனுசங்க, பேரன் பேத்தி எடுத்தவங்க. லின்னு வந்து, "மிஸ்டர் சென்னை, நீங்க ராசா, மேடம் ராணி"ன்னுது. எனக்கு வந்த கோவத்துக்கு... நான் என்ன கூத்தாடியா? போம்மா அக்கட்டாலன்னுட்டேன்.

சரி, அதோட விட்டுருவான்னு பாத்தா, இந்த வசந்தாமணி போறா. தனியா. அந்த டீச்சரு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகுது. துணிக்காரி ராணி துணிய எடுத்து நீட்டறா. இவ வேண்டாம்னு தலைய ஆட்டிட்டு ராசா துணியக் காட்டறா. மஞ்சத் துணி, நெஞ்சுல பெருசா ஒரு டிராகன். துணிக்காரி சிரிக்கறா, லின்னு சிரிக்குது. இவ சிரிக்கவே இல்ல. கைய நீட்டி நின்னா, மாட்டி உட்டாங்க. தலைல கிரீடத்த வெச்சாங்க. போயி அந்தச் சிம்மாசனத்துல ரெண்டு கையும் ரெண்டு பக்கமும் வெச்சு உக்காந்தா பாருங்க.

நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். கூட்டம் பூராக் கை தட்டுது. அந்த டீச்சரம்மா விரல வாயில வெச்சு விசிலடிக்குது, வயசு அறுவதுக்கு மேல. பக்கத்துல நின்ன ஒருத்தரு, "சார், உங்க மிஸஸ் ரொம்ப கம்பீரம்"ங்கறாரு. யாரோ பொம்பள உக்காந்திருக்கற மாதிரித்தான் இருந்துது எனக்கு. அந்த போட்டோவச் சுகந்திக்கு அனுப்பியிருக்கறா. அது இப்ப சென்னைல அவ ஊட்டு ஹால்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்குது. இப்பப் பாத்துட்டுத்தான் வர்றேன். நல்லாவே இல்ல.

மத்தியானம் சைவச் சாப்பாடுன்னு கூட்டிட்டுப் போனாங்க. சைவந்தான், ஆனா கறி மாதிரியே செஞ்சு வெச்சிருக்கறாங்க. சைவம்னாச் சைவமா இருக்கோணும். நான் கொண்டு போன பருப்புப் பொடியப் போட்டுச் சாப்பிட்டேன். அதுக்கப்புறந்தான் சமாதி.

அது மட்டும், உள்ளதச் சொல்லோணும், அது மட்டும் எடம் தம்பி. ராசா பேரு என்ற வாயில நொழையல. நல்ல பைன் மரக் காடு, நடுவுல குளம், குளத்துக்கு மேல மரத்துல மண்டபம், தாமரை. படி ஏறிப் போனா கல்லு யானை, கல்லுக் குதிரை, ரெண்டு பக்கமும் கல்லு மந்திரிங்க வரிசையா நிக்கறாங்க. அதத் தாண்டினா ஒரு பெரிய கல்வெட்டு. ராசா தன்னப் பத்தித் தானே எழுதி வெச்சதாமா. எவனையும் நம்பல பாருங்க. ஆளு வெவரம். அந்தக் கூட்டத்துல அவரு மனசு புரிஞ்சது எனக்கு ஒருத்தனுக்குத்தான். மத்தவங்கெல்லாம் நெழலு எங்கன்னு தேடறாங்க.

நான் போன்ல என்ற சமாதியோட படத்த எடுத்து லின்னுகிட்டக் காட்டினேன். "இதும் அது மாதிரித்தான், எனக்கு"ன்னேன், இங்கிலீசுலயே. அந்தப் புள்ள படத்தப் பாக்குது, என்னையப் பாக்குது. "பட் யூ ஆர் லிவிங், மிஸ்டர் சென்னை!" எல்லாரும் கூடிட்டாங்க. சரி கேக்கறாங்களேன்னு மேடை, தூணு, சிலை எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னேன். பக்கத்துல அவளுக்கு எடம், பேரு வெட்டினது, எல்லாம்.

அப்பறம் லின்னு கதை சொல்லுச்சு. அந்த ராசாவுக்குப் பொண்டாட்டிங்க கணக்கே இல்லையாமா. கொழந்தை ஒண்ணுகூட இல்ல. ராசா செத்த பொறவும் அந்தப் பொம்பளைங்க அந்தச் சமாதிலயே இருக்கோணுமாமா. தெனமும் ராசாவுக்குப் படுக்கை விரிக்கறது, மூஞ்சி கழுவத் தண்ணி எடுத்து வெக்கறது, வெத்தலை மடிச்சு வெக்கறது. உசுரோட இருக்கற மாதிரியே. அவங்க சாகற வரைக்கும். டீச்சரு அதைத் தமிழ்ல வசந்தாமணிக்குச் சொல்லுது. இவ கேட்டுக்கிட்டே நிக்கறா. அப்புறம் டீச்சர்கிட்ட எதோ கேட்டா. டீச்சரு லின்னுகிட்டக் கேட்டுது. "அந்த ராசா இருந்தப்ப அவங்க கூட இருந்தாராமா?"

லின்னுக்கு அந்தக் கேள்வி புரியல. எனக்கும் புரியல.

அப்புறம் அந்தப் புள்ள, கைடு வேலை பாத்தமா போனமான்னு இல்லாம, வசந்தாமணியப் பாத்து, "மேடம், உங்க எடம் உங்களுக்குப் புடிச்சிருக்குதா?"ன்னு கேட்டுது. வேடிக்கைக்குத்தான் கேட்டுது. டீச்சரு அதையும் சொல்லித் தொலைச்சுது.

வசந்தாமணி, "எனக்கு அந்த எடம் வேண்டாமுங்க"ன்னா.

"எந்த எடம்?"னேன் நான்.

"உங்க பக்கத்துல. எனக்கு வேண்டாமுங்க."

"ஏம்புள்ள, வெயிலு ஏறிருச்சா? பேரு வெட்டியாச்சு."

"வெட்டினா வெட்டினது இருக்கட்டும். இருக்கற வரைக்கும் நீங்க பக்கத்துல இல்ல. செத்தப்பறம் எதுக்குங்க?"

கோவத்துல சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. திட்டலாம், சத்தம் போடலாம். இவ கடைல, "கத்தரிக்கா வேண்டாமுங்க, வெண்டைக்கா போடுங்க"ன்னு சொல்ற மாதிரிச் சொல்றா. தினகரன் கொடியச் சுருட்டிச் சுருட்டி விரிக்கறான். லின்னு டீச்சரப் பாக்குது, என்ன சொன்னாங்கன்னு. டீச்சரு அத மட்டும் இங்கிலீசுல சொல்லல.

நீங்களே சொல்லுங்க, நான் எங்க போனேன்? சூதாடவா போனேன்? குடிக்கவா போனேன்? வண்டிக்குப் பின்னால போனேன். ராய்ப்பூர் வெயில்ல தகரக் கொட்டாய்ல படுத்துக் கெடந்தேன். தீவாளிக்கும் பொங்கலுக்கும் வருவேன், ஒரு வருசம் தப்பும், மறு வருசம் வந்துருவேன். ஊருக்குள்ள எந்தப் பொம்பளைக்கு அப்படி ஊடு கட்டிக் குடுத்திருக்கறான் எவனாவது? கூட்டத்துல எல்லாத்துக்கும் முன்னால, ஒரு செத்துப் போன ராசா ஊட்டு வாசல்ல வெச்சுச் சொல்ற பேச்சா இது?

நான் வெடுக்குனு திரும்பி நடந்துட்டேன். குளத்தங்கரைல போயி உக்காந்தேன். வருவா, பின்னாலயே வருவான்னு. கொஞ்ச நேரம் ஆச்சு, வரல. இன்னுங்கொஞ்ச நேரம் ஆச்சு. தண்ணிய வேற எடுத்துட்டு வரல நான், பை அவகிட்ட இருக்குது. கடைசில வந்தது லின்னு. தலைல இருந்த ஓலைத் தொப்பியக் கழட்டி எனக்கு நீட்டுது. வேண்டாம்னேன். என்ற தலைல அதே வெச்சு உட்டுருச்சு. "பஸ் வெயிட்டிங், சார்"னுது. மிஸ்டர் சென்னைன்னு சொல்லல. அதுக்கும் என்னமோ தெரிஞ்சிருக்குது. என்னையப் பாத்து ஒரு அயல்நாட்டுப் புள்ள பாவப்படற அளவுக்கு ஆக்கிப்போட்டா பாருங்க.

"என்ற பொண்டாட்டி எங்கம்மா?"ன்னு கேட்டேன்.

பஸ்ல உக்காந்திருக்கறாங்கன்னுது. எல்லாரும் என்னையத் தேடலாமான்னு கேட்டதுக்கு இவ, "அவரு வருவாருங்க"ன்னு சொல்லிட்டுப் பொரி தின்னுட்டு இருந்தாளாமா.

சாயங்காலம் பொழுதோட படகுல ஏத்தினாங்க. வாசனை ஆறுன்னு பேரு அதுக்கு. மோந்து பாத்தேன், டீசல் வாசந்தான் வந்துது. படகுக்கு முன்னால ஒரு டிராகன் தலை, பச்சையும் சிவப்புமா, நம்ம மாரியம்மன் பண்டிகை செட்டு மாதிரி. எல்லாரும் ஒரு பக்கமாக் கூடிப் பாட்டுப் பாடறாங்க. வசந்தாமணி மட்டும் ஓரத்துல உக்காந்து தண்ணியப் பாத்துட்டு இருந்தா. டீச்சரு எந்திரிச்சு எனக்கு எடம் உட்டுது. போயி உக்காந்தேன்.

"அங்க வேண்டாம்னா எங்கதான் போகப்போற? உங்கப்பன் ஊட்டுக்கா?"ன்னு கேட்டேன்.

"தோட்டத்துலயேதான்"னா. "பாழுங்கெணத்து மேட்டுல. பாப்பா பக்கத்துல."

எனக்குக் கொஞ்ச நேரம் எந்தப் பாப்பான்னே புரியல தம்பி. அப்பறந்தான் பிடிபட்டுது. சுகந்திக்கு அப்புறம் ஒரு கொழந்த பொறந்துது. பொண்ணு. ஒரு மாசங்கூட இருக்கல. சீக்கு வந்து போயிருச்சு. அந்தக் காலத்துல அதெல்லாம் ஒவ்வொரு ஊட்டுலயும் நடக்கறதுதான். நான் அப்ப ராய்ப்பூருக்கு அக்கட்டால ஒரு காட்டுல இருக்கறேன். போர்க்குழிக்குள்ள, பாறைய ஒடைக்கற ஹேமரு மாட்டிக்கிச்சு. மாட்டிக்கிச்சுன்னா உங்களுக்குத் தெரியாது, வண்டியவே வித்தாலும் அடைபடாது அந்த நட்டம். தந்தி வந்துது. போட்டது போட்டபடி வந்தா ஆளுங்க ஓடிப் போயிருவாங்க. நான் வந்து மட்டும் என்ன பண்ணப் போறேன்? உசுரா குடுக்கப் போறேன்? ஹேமர எடுத்து, வேலைய முடிச்சுக் குடுத்துட்டுத்தான் வந்தேன். வந்தப்ப இவ எருமைக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தா. ஒண்ணும் சொல்லல. சோறு போட்டா. நானும் கேக்கல. கேட்டு அவ அழுதா, அத வேற பாத்துட்டு உக்காந்திருக்கோணும்.

அதைய இத்தன வருசம் கழிச்சு, வியட்நாம்ல, டிராகன் தலை வெச்ச படகுல உக்காந்து சொல்றா.

"ஏம்புள்ள, அது ஒரு கைப்புடிக் கொழந்த. அதுக்குப் பக்கத்துல போயா படுக்கறது? மண்டபம் கட்டியிருக்கறேன், கருங்கல்லு"ன்னேன்.

"நீங்க படுங்க மண்டபத்துல"ன்னா. அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயிப் பாடறவங்களோட உக்காந்துட்டா. டீச்சரு கை தட்டிப் பாடுது, இவளும் தட்டறா. ஆத்துல பேப்பர் வெளக்கு உட்டாங்க. இவளும் ஒண்ணு உட்டா. நான் உடல. அதெல்லாம் சும்மா, காகிதம், கொஞ்ச தூரம் போயி முழுகிரும்.

ஊருக்கு வந்து சேந்தோம். வந்தாச் சரியாயிரும்னு நெனச்சேன். வந்த மறுநாளு காத்தால தோட்டத்துக்குப் போனா, இவ எனக்கு முன்னால போயி பாழுங்கெணத்து மேட்டுல நிக்கறா. ரெண்டு ஆளு வெச்சுச் சீமைக் கருவேல முள்ள வெட்டறா. முள்ள எடுத்ததும் அடில சின்னதா ஒரு குண்டுக்கல்லு. கழுவி மஞ்ச பூசிப் பழகின கல்லு. பளபளன்னு இருக்குது.

"இங்கதான்னு உனக்கெப்படித் தெரியும்?"ன்னேன்.

"எனக்குத் தெரியாதுங்களா?"ன்னா.

அப்புறம் அந்த முள்ளு வெட்டினவன் சொல்றான், அம்மா வருசா வருசம் வருவாங்களேன்னு. நான் வடக்க இருந்தப்பவெல்லாம் வந்திருக்கறா. இருக்கறப்பவும் வந்திருக்கறா, எருமைக்குப் புல்லறுக்கப் போறேன்னு சொல்லிட்டு. நான் மண்ணுக்குக் கீழ இருக்கறதெல்லாம் சொல்றவன். என்ற தோட்டத்துல என்ன இருக்குதுன்னு ஒரு கூலிக்காரன் எனக்குச் சொல்றான். எப்படியிருக்கும் பாருங்க. எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன அவளுக்கு? வாயில கொழுக்கட்டையா?

சரி, ஆனது ஆச்சு, பொம்பள ஆசப்படறான்னு நானே எறங்கி வந்தேன். ஆமாங்க, நானேதான். சிற்பிக்குப் போன் போட்டு, "கொழந்தைக்கும் சின்னதா ஒரு கல்லு வெட்டிரு, மேட்டுல வெக்கலாம்"னேன். அவன், "என்ன பேரு வெட்டோணுமுங்க?"ங்கறான். நான் இவளக் கூப்பிட்டு, "கல்லுல என்னான்னு போடறது? பேரு வெக்கறதுக்குள்ளயே போயிருச்சே. சென்னியப்பன் மகள்னு போட்டுறலாமா?"ன்னேன்.

இவ அரிசி களஞ்சிட்டு இருந்தா. கைய நிறுத்தல. "பேரு இருக்குதுங்க"ன்னா.

"என்ன பேரு?"

தண்ணிய வடிச்சா. மறுபடி ஊத்தினா.

"என்ன பேருன்னு கேக்கறேன் புள்ள. அங்க சிற்பி போன்ல இருக்கறான்."

"சிற்பிக்குச் சொல்றதுக்குத்தான் கேக்கறீங்கன்னா வேண்டாமுங்க"ன்னா.

போனைக் கட் பண்ணிட்டேன். அதுக்கு அப்புறம் ரெண்டு மூணு தடவ கேட்டேன். சத்தமாவும் கேட்டேன். மெதுவாவும் கேட்டேன், சாப்பிடறப்ப, எதோ ஞாபகம் வந்த மாதிரி. சொல்ல மாட்டேங்கறா. கொழம்பு ஊத்தறா, மோரு ஊத்தறா, வேற எல்லாம் பேசறா. அது மட்டும் இல்ல.

அதுக்குத்தான் சென்னைக்குப் போனேன். சுகந்திக்கு அப்ப நாலு வயசோ அஞ்சு வயசோ. எதாவது ஞாபகம் இருக்கும்னு. கேட்டேன். அவ அந்த ராசா போட்டோவுக்குக் கீழ உக்காந்து துணி மடிச்சிட்டு இருந்தா. "தெரியும்பா"ன்னா. தெரியுமாமா. அம்மா அடிக்கடி சொல்லுவாங்களாம். தங்கச்சியப் பத்தி ரெண்டு பேரும் பேசுவாங்களாம். பேரன்கூட எட்டிப் பாத்துச் சிரிக்கறான், அவனுக்கும் தெரியும்போல. ஊட்டுல எனக்கு மட்டுந்தான் தெரியாது.

"சொல்லு"ன்னேன்.

"அம்மாகிட்டக் கேளுங்கப்பா"ங்கறா.

"கேட்டேன், சொல்ல மாட்டேங்கறா."

"கல்லுல வெட்டறதுக்குக் கேட்டீங்க. சொல்லல."

அதென்னங்க பேச்சு? வேற எதுக்குக் கேப்பாங்க ஒரு பேர? படிக்க வெச்சு, கட்டிக் குடுத்து, எல்லாம் செஞ்சா, கடைசில விடுகதை போடறாங்க. தாயும் மகளும் சேந்துக்கிட்டு. காப்பிகூடக் குடிக்காம வந்துட்டேன். பையக் கொண்டாந்து வாசல்ல வெச்சா, "பாத்துப் போங்கப்பா"ன்னா. போகத் தெரியாதா எனக்கு?

என்ன, சங்ககிரி தாண்டிருச்சா? அப்ப ஈரோடு வந்துரும். மேல அந்தப் பச்சப் பை என்றது, கொஞ்சம் எடுத்துக் குடுங்க. பாத்து, உள்ள சுகந்தி குடுத்த பலகாரம் இருக்குது, அவங்கம்மாவுக்கு. எனக்கு ஒண்ணும் குடுக்கல.

ஊட்டுக்குப் போயிக் கேக்கோணும் தம்பி. கேக்காம முடியாது. மூணு நாளாத் தூக்கம் வரல. பேரு என்னவா இருக்கும்னு நானே ஒவ்வொண்ணா நெனச்சுப் பாக்கறேன். அவங்கம்மா பேரா இருக்குமா, எங்கம்மா பேரா இருக்குமா, எதாவது சாமி பேரான்னு. ஒண்ணும் பொருந்த மாட்டேங்குது. மூஞ்சியப் பாத்திருந்தாலாச்சும் எதாவது தோணும். எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல. கல்லுக்கு இல்ல, சும்மா எனக்குத்தான்னு சொன்னாச் சொல்லுவாளா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. நீங்களா இருந்தா எப்படிக் கேப்பீங்க?

சரி, விடுங்க. நீங்க என்னத்தச் சொல்லப் போறீங்க. உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. தள்ளுங்க, எறங்கோணும்.